பத்தாவது ஆள்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே முகத்தை இளக்கிக்கொண்டு, உங்களுக்குப் பொறுமை அதிகம் இருக்க வேண்டும் என்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். கொரோனா ஊசி வந்த வருஷம் என் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வருஷம் கத்தியது போல நான் என்றைக்கும் கத்தியதில்லை. மனிதர்களிடம் கத்தினேன், போனிடம் கத்தினேன், ஒருமுறை குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு யாரிடமும் இல்லாமல் கத்தினேன்.

எங்கள் இல்லம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை நடத்துவது. நான் நர்ஸ் படிப்பு படித்தவள். சேலத்தில் சில வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே பொறுப்பாளராகச் சேர்ந்தேன். மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மளிகை எடுப்பது, யாராவது இறந்தால் பிள்ளைகளுக்குப் போன் செய்வது எல்லாம் என் வேலைதான். அப்போது முப்பது பேருக்குக் கொஞ்சம் மேல் இருந்தார்கள். முதல் அலை முழுக்கக் கேட்டைப் பூட்டி, யாரையும் உள்ளே விடாமல், எப்படியோ ஓட்டிவிட்டோம். அதனால் ஊசி வந்துவிட்டது, வயதானவர்களுக்குத்தான் முதலில் என்று செய்தியில் சொன்ன அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் கேட்டைத் திறக்கலாம் என்று நினைத்தேன். ஊசி ஊருக்கு வருவதற்கும் அது ஒரு வயதானவரின் கையில் ஏறுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலில் பதிவு. ஆதார் வேண்டும், போன் நம்பர் வேண்டும். ஒரு நம்பரில் நாலு பேரைத்தான் சேர்க்க முடியும். எங்கள் ஆட்களில் பாதிப் பேரிடம் போனே கிடையாது. என் நம்பர் தீர்ந்தது, என் வீட்டுக்காரர் நம்பர் தீர்ந்தது, பிறகு பால் ஊற்றுகிறவரிடம் கெஞ்சி அவர் நம்பரைப் போட்டேன். அவர் போனுக்கு ஓடிபி எண் வரும், வந்ததும் எனக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அரை மணி காத்திருந்துவிட்டு நானே கூப்பிட்டேன். ஏதோ நம்பர் வந்ததாகவும், பேங்கில் திருடுகிறவர்கள் அப்படித்தான் அனுப்புவார்கள் என்று டிவியில் சொன்னதால் உடனே அழித்துவிட்டதாகவும் சொன்னார். அவர் குரலில் பெருமை இருந்தது. மறுபடி அனுப்பச் சொன்னேன். அதற்குள் இணையதளம் என்னை வெளியே தள்ளிவிட்டது.

இது ஒரு பக்கம் என்றால், ஊசி வேண்டாம் என்றவர்கள் ஒரு பக்கம். எங்கள் சமையல்காரம்மாவே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் வருமாம், வந்தால் அவர் வீட்டில் யார் சோறாக்குவது என்று கேட்டார். முதியவர்களைப் போட்டுக்கொள்ளச் சொல்லி நான் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குச் சோறு போடுகிறவரே கரண்டியோடு பின்னால் நின்று உதட்டைப் பிதுக்கினால் யார் கேட்பார்கள்.

எல்லாரையும் விட என் உயிரை எடுத்தவர் நைனார்பாளையத்துக்காரர். எண்பது வயது தாண்டியவர். மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டு வாழ்ந்த விவசாயி. மனைவி இறந்த பிறகு மகள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். நல்ல கண்பார்வை, கணீரென்ற குரல். காலையில் பேப்பர் வந்ததும் அவர்தான் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார். அந்த நாட்களில் எந்த ஊரிலாவது ஊசி போட்ட மறுநாள் யாராவது இறந்ததாகச் செய்தி வந்தால் அதை மட்டும் இரண்டு தடவை வாசிப்பார். ஐயா, இப்படி வாசித்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று சொன்னால், பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. பேப்பர்ல போட்டுக்கிறான், படிக்கறேன். அவ்ளோதான்."

அவர் மகளுக்குப் போன் செய்தேன். மணலூர்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவர். அப்பாவுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, போடாதீங்க மேடம், ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்பு என்றார். ஊசி போடாமல் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். இந்த உரையாடலை வேறு வேறு பிள்ளைகளோடு வேறு வேறு ஊர்களுக்கு நான் எத்தனை முறை நடத்தினேன் என்று கணக்கில்லை. துபாயிலிருந்து ஒரு மகன் உடனே போடுங்கள் என்பார், அதே அம்மாவின் இன்னொரு மகன் திருக்கோவிலூரிலிருந்து கூடவே கூடாது என்பார். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நடுவில் நான்.

இவ்வளவு பேருக்கு நடுவில் ஊசி எனக்கு, எனக்கு என்று கையை நீட்டியவர் ஒருவர்தான். அவர் படுக்கையை விட்டு எழ முடியாதவர்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு சிற்றூர் அவருக்கு. கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் விழுந்து இடுப்பு உடைந்து, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து சிகிச்சை பார்த்தார்கள். வண்டி போகாத ஊருக்கு அந்த நிலையில் தூக்கிக்கொண்டு போக அவருடைய அண்ணன் மகனால் முடியவில்லை. கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அப்படியே தங்கிவிட்டார். மலைக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஆதார் எடுத்ததே இல்லை. இடது கையின் மேல்பக்கம் வட்டமாக ஒரு பழைய தழும்பு இருந்தது. ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது அதைத் தொட்டுக் காட்டி, அம்மை குத்தியது என்றார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் மலை ஏறி வந்தாராம்.

"எங்க சனமெல்லாம் காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிச்சி. எங்கப்பன் மட்டும் என்னை இழுத்துக்கினு வந்து நிறுத்துனான். வலி உயிரு போச்சி. அடுத்த மழைக்கு அம்மை வந்திச்சி கண்ணு. ஒளிஞ்சவங்க வூட்லதான் பிணம்."

அதிலிருந்து அவருக்கு ஊசி என்றால் நம்பிக்கை. யாருக்காவது சர்க்கரை ஊசி போட நான் வார்டுக்குள் நுழைந்தால் கூட, அது தனக்குத்தானா என்று கையைத் தூக்கிக் காட்டுவார். இது வேற ஊசிம்மா என்பேன். சரி, அது எப்போ என்பார். சுகாதார அலுவலகத்தில் கேட்டேன். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து போடுவார்கள், உத்தரவு வந்ததும் சொல்கிறோம், அடுத்த வாரம் இருக்கலாம் என்றார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு என்று கேட்டதற்கும் அதே பதில்தான், அடுத்த வாரம். அந்த இரண்டு சொற்களை இப்போது கேட்டாலும் எனக்கு உள்ளுக்குள் சுரீரென்கிறது. போன் செய்தால் அடுத்த வாரம் என்கிற அதே ஆட்கள், தினமும் சாயங்காலம் அவர்களாகவே என்னைக் கூப்பிட்டு, உங்கள் இல்லத்தில் எத்தனை சதவீதம் முடித்தீர்கள், மேலே சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள்.

கடைசியில் ஒன்பது பேர் சம்மதித்தார்கள். நடக்க முடிந்தவர்கள், ஆதார் இருந்தவர்கள், பிள்ளைகள் தடுக்காதவர்கள் அல்லது பிள்ளைகளே இல்லாதவர்கள். ஒரு வேன் பேசி, சித்திரை வெயில் ஏறுவதற்குள் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். வேன் சத்தம் கேட்டு மலைக்காரம்மா தலை சீவிவிடச் சொல்லியிருந்தார். தழும்பு தெரிகிற கையை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, என்னை விட்டுட்டா போற என்று கேட்டார். அவருக்கு முதுகில் படுக்கைப் புண். உட்கார வைத்தால் துடித்துப்போவார். அந்த வேனில் படுக்க இடமில்லை. உங்களுக்கு இங்கேயே வந்து போடுவார்கள் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்போ என்று அவர் கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வேனில் ஏறிப் பார்த்தால் நைனார்பாளையத்துக்காரர் முன் சீட்டில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்து என் மனசு குளிர்ந்துபோயிற்று. வாய் திறந்து எதையாவது கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பேசாமல் ஏறிக்கொண்டேன்.

சுகாதார நிலையத்தில் கூட்டமே இல்லை. ஊசி போடுகிற சிஸ்டர் எனக்குத் தெரிந்த பெண்தான். எங்கள் பக்கத்து கிராமங்களுக்கெல்லாம் அவர்தான் நர்ஸ். எங்களை நிழலில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினார். நைனார்பாளையத்துக்காரரிடம் வந்தபோது, அவர் கையை உதறினார்.

"ஏம்மா, நான் ஊசிக்கா வந்தேன்? ஒரு வருஷமா அடைஞ்சி கெடக்கறேன், காத்தாட வந்தேன். வெளில ஒரு டீ குடிச்சிட்டு இப்டியே வண்டில ஏறிக்கினு வந்துடுவேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சரி, ஒன்பது பேருக்குப் போடுங்கள் என்றேன். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒம்போது பேருக்கு எப்டிக்கா உடைக்கறது? ஒரு பாட்டில்ல பத்து பேருக்கு இருக்குது. உடைச்சா நாலு மணி நேரத்துல முடிச்சாவணும். ஒண்ணு வீணாப்போனாலும் மேல என்னைத்தான் கேக்கறாங்க."

வேறு யாராவது வரும் வரை காத்திருங்கள் என்றார். யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். நேற்று முழுக்க மூன்று பேர்தான் வந்தார்களாம். எனக்கு மலைக்காரம்மாவின் நீட்டிய கை நினைவுக்கு வந்தது. பத்தாவது ஆள் எங்கள் வார்டில்தான் தலை சீவிக்கொண்டு படுத்திருந்தார். பத்தாவது ஆளாக இருந்திருக்கக் கூடியவர் இங்கே எதிரே உட்கார்ந்து டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, எங்களுக்காகப் போட்டுக்குங்களேன் என்று கெஞ்சினார்கள். எழுபத்தைந்து வயதான ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அவர் அசையவில்லை.

நான் ரோட்டுக்கு இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடைக்காரர் ஏற்கெனவே போட்டுக்கொண்டேன் என்று சட்டையை மேலே இழுத்துக் காட்ட வந்தார், நான் பார்க்காமலே நம்பினேன். உரக்கடைக்காரர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் வேன் டிரைவர் தயாராக இருந்தார், ஆனால் அவருக்கு வயது போதாது. நாற்பத்தைந்து ஆனவர்களுக்குத்தான் அப்போது போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் போய்க் கேட்டேன். நான் ஏதோ நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்து ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் வேப்பமரத்தடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றேன். ஐம்பது வயது இருக்கும். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"ஊசிதானே. போட்டுக்கினா போவுது. ஆனா கார்டு வூட்ல இருக்குதே."

வேனிலேயே அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். அதுவரை கூடையை யார் பார்ப்பது என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். அப்படியாக, நர்ஸ் படிப்பு படித்த நான் வேப்பமரத்தடியில் சாக்கின் மேல் உட்கார்ந்து, பஸ் பயணிகளுக்கு வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நைனார்பாளையத்துக்காரர் டீ குடித்துக்கொண்டு, கீறல் இன்னும் ஆழமாகப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வேன் திரும்பி வந்தது. அந்தப் பெண் கார்டோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் புருஷனும், நாத்தனாரும் கார்டோடு இறங்கினார்கள். இவருக்குக் கிடைக்கிறது என்றால் எங்களுக்கும் போடுங்கள் என்று வந்துவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிஸ்டர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு பேர். ஒரு பாட்டில் போக மீதி இரண்டு. அந்த இரண்டு பேருக்கு இன்னொரு பாட்டில் உடைக்க வேண்டுமென்றால் இன்னும் எட்டுப் பேர் வேண்டும் என்றார். இப்படிச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புருஷனையும் நாத்தனாரையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினோம். வரச் சொல்லிவிட்டு விரட்டுகிறார்கள் என்று அந்த ஆள் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். அவர் மறுநாள் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் ஒன்பது பேருக்கும் அந்தப் பெண்ணுக்கும் போட்டு, அரை மணி உட்கார வைத்து, இல்லத்துக்குத் திரும்பினோம். அன்று சாயங்காலம் போன் வந்தது. எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சொன்னேன். ரொம்பக் கம்மியா இருக்கே மேடம் என்றார் அந்தப் பக்கத்துக்காரர். போனை வைத்துவிட்டுத்தான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன்.

இரண்டாவது அலை அதற்குப் பிறகு எங்களுக்கு நேரமே கொடுக்கவில்லை. சமையல்காரம்மாவுக்கு முதலில் காய்ச்சல் வந்தது. அவரிடமிருந்துதான் வந்ததா, காய்கறி வண்டியிலிருந்து வந்ததா, என்னிடமிருந்தே வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் சிலர் இருமினார்கள். கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு எழுந்துவிட்டார்கள். போடாதவர்களில் சிலருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆம்புலன்சுக்குச் சொன்னால் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். எல்லா ஊரிலும் அப்போது அதே நிலைதான். அப்படி ஆம்புலன்சில் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

மலைக்காரம்மாவுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் மூச்சுத் திணறியது. ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆம்புலன்சில் ஏற்றும்போது, முகம் மூடிய கவச உடையில் இருந்த இரண்டு பேரைப் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்தார். நான் குனிந்தேன்.

"இவங்ககிட்ட ஊசி இருக்குதா கண்ணு?"

இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. கதவைச் சாத்திக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார்கள். இரண்டு நாளில் இறந்துவிட்டார். அண்ணன் மகனின் நம்பருக்கு விடாமல் அடித்தேன். அந்த ஊரில் சிக்னல் கிடைக்க ஒரு பாறை மேல் ஏற வேண்டும். சாயங்காலம் எப்போதோ லைன் கிடைத்தது. பஸ் ஓடாத நேரம். இறங்கி வர வழியில்லை, நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள் என்று அழுதார். நானும் உடலைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்கள் அடக்கம் செய்துவிட்டு எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள்.

மலைக்காரம்மாவின் படுக்கை விரிப்பைக் கூட எடுத்துத் துவைத்து முடித்திருந்தோம். ஒருநாள் முற்பகல் சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்சீட்டில் நீல நிறக் குளிர்பெட்டி கட்டியிருந்தது. முகமெல்லாம் வேர்வை. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போட உத்தரவு வந்துவிட்டது, அடையாள அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யார் யார் என்று கேட்டார்.

நான் என்ன பேசினேன் என்று வார்த்தை வார்த்தையாக நினைவில்லை. நிறையப் பேசினேன். உங்கள் உத்தரவு, உங்கள் பாட்டில், உங்கள் சதவீதம் என்று எல்லாவற்றையும் இழுத்துப் பேசினேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு விட நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு நேத்து சாயந்திரம்தான் சொன்னாங்கக்கா. காலைல எழுந்து மொதல்ல இங்கதான் வந்துக்கிறேன். நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் செய்ய ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மேலே இருக்கிறவர்கள் யாரும் என் கேட்டுக்கு வருவதில்லை. வருகிறவர் இவர் ஒருவர்தான், இவரிடம்தான் கத்த முடிகிறது. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு சொம்பு குடித்தார். பிறகு வேலையை ஆரம்பித்தோம்.

அன்று யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இத்தனை சாவைப் பார்த்த பிறகு, முன்பு மாட்டேன் என்றவர்கள் எல்லாம் தாங்களாகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கு மட்டும் சில மாதம் கழித்து என்றார் சிஸ்டர். சமையல்காரம்மாவும் அந்தக் கணக்கில்தான். இப்போது போடக் கூடாதா என்று அவர் கோபித்துக்கொண்டதுதான் வேடிக்கை. நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவருக்கு இருமல் கூட வரவில்லை. பேப்பரும் அப்போது வருவதில்லை, ஆனாலும் பழைய பேப்பர் ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

நான் அவர் எதிரே போய் நின்றேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போய்விட்டார், எதிர்க் கட்டில் காலி, இன்னும் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"எம் பொண்ணு வந்து சொல்லட்டும். போட்டுக்கறேன்."

போனில் பேசுங்கள், இப்போதே போட்டுத் தருகிறேன் என்றேன். போனில் வேண்டாம் என்றார். நேரில் வந்து சொல்லட்டும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் அவரைச் சேர்த்துவிட்டுப் போன பிறகு ஒரு தடவை கூட வரவில்லை. ஊரடங்குக்கு முன்னாலும் வந்ததில்லை. வாரம் தவறாமல் போன் வரும், அவ்வளவுதான். இந்த மனிதர் ஊசிக்குப் பயந்தவரே இல்லை. எங்கள் எல்லாரையும் இத்தனை மாதம் அலைக்கழித்தது, ஒருத்தி வந்து தன்னோடு சண்டை போட வேண்டும் என்பதற்காக. இதைப் புரிந்துகொண்டதும் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்றுதான் இருந்தது.

மகளுக்குப் போன் செய்து, நீங்கள் வராவிட்டால் இனி உங்கள் அப்பாவைப் பற்றி நான் எந்தத் தகவலும் சொல்ல மாட்டேன் என்று மிரட்டினேன். அப்படி மிரட்ட எனக்கு அதிகாரம் கிடையாது. பஸ் ஓடத் தொடங்கவில்லை. ஆனாலும் நாலைந்து நாளில் புருஷனோடு வண்டியில் வந்து இறங்கினார். உள்ளே விட எனக்கு அனுமதியில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. முதலில் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சண்டை தொடங்கியது.

"உன்னை இங்க வுட்டதுக்கே ஊர்ல வாய்க்கு வந்ததைப் பேசறாங்கப்பா. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இங்க வர்றது? ஊசி போட்டு உனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா, கொண்டுபோயி தள்ளி கொன்னுட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"நீ போட்டுக்கினியா?" என்று கேட்டார் அப்பா.

மகள் கம்பியிலிருந்து கையை எடுத்தார். புருஷனைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்த்தார். இருவருமே போட்டுக்கொள்ளவில்லை. நான் தலையில் கை வைத்தேன். ஒருவரை வழிக்குக் கொண்டுவரக் கூப்பிட்டால், இப்போது மூன்று பேர்.

"நீ போட்டுக்கினா நான் போட்டுக்கறேன்" என்றார் பெரியவர்.

நான் காத்திருக்கவில்லை. சிஸ்டருக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊரில் முகாம் முடிந்து, திறந்த பாட்டிலில் கொஞ்சம் மீதி இருப்பதாகவும், நேரம் முடிவதற்குள் வந்துவிடுவதாகவும் சொன்னார். வந்தும்விட்டார். கேட்டுக்கு வெளியே வேலியோரம் நிழலில் வைத்து மகளுக்கும் மருமகனுக்கும் போட்டார். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பிக்குள் கையை விட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிஸ்டர் உள்ளே வந்து பெரியவருக்குப் போட்டார். அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை. மகளின் மாடு கன்று போட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றோம். அரை மணி ஆயிற்று, போகலாம் என்றோம். யாரும் எழவில்லை. மாட்டைப் பற்றியும், போர் போட்டுத் தண்ணீர் வராததைப் பற்றியும், யாரோ ஒரு சித்தப்பா மகனின் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பகல் சாப்பாடு ஆறிப்போய், நான் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

மறுநாள் பெரியவருக்கு இலேசாகக் காய்ச்சல். மகள் காலையிலிருந்து பத்துத் தடவை போன் செய்து, நான் அப்பவே சொன்னேன் இல்ல மேடம் என்றார். இரண்டாவது தவணை வந்தபோது பெரியவர், அவ வரட்டும் என்றார். பூஸ்டர் வந்தபோதும் அதேதான். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளூ ஊசி போடுகிறோம், அதற்கும் மகள் வந்தாக வேண்டும். வருகிறார். முறுக்கும் கொய்யாப்பழமும் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார். பெரியவருக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டது, குரல் மட்டும் குறையவில்லை.

போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சே இல்லாத மனிதர். ஊசி விஷயத்தை நான் ஆரம்பத்திலிருந்து, எல்லாருக்கும் சொன்னது போலவே, அவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். அவர் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் நைனார்பாளையத்துக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"உங்க வூட்லேர்ந்து யாராச்சும் வர்றாங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்போ வேணாம்னு சொல்லுங்க."

புதியவர், மகன் வந்து சொன்னால் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அலுவலக அறைக்குப் போய் மகனுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கிறாராம். ஊசி போட எங்களுக்குச் சம்மதம்தான், எதற்கு நேரில் வர வேண்டும் என்று எரிந்து விழுந்தார். நானும் எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.